0.8 கிராமை நிறுப்பது எப்படி: விண்ட் டனலில் ஸ்கின் ஃபிரிக்‌ஷன் அளக்கும்போது வரும் பிழைகள்

விண்ட் டனலில் ஸ்கின் ஃபிரிக்‌ஷன் அளக்கப் போகிறீர்கள் என்றால், அதாவது காற்றைச் சீரான வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் கூண்டில், ஒரு பரப்பை உரசி ஓடும் காற்று அதை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கப் போகிறீர்கள் என்றால், கருவியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காற்றின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர். தட்டையான தரைப்பலகை. அதன் முன்விளிம்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி, 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரத் தகடு ஒன்று. பவுண்டரி லேயர், அதாவது பரப்பை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் காற்றடுக்கு, டர்புலண்ட், கலங்கிச் சுழன்று ஓடுகிறது. இந்த நிலையில் உராய்வுக் கெழு (உராய்வு அழுத்தத்தை, ஓடும் காற்றின் இயக்க அழுத்தத்தால் வகுத்த எண்) ஏறக்குறைய 0.0036 வரும், பரப்பின் மேல் உராய்வு அழுத்தம் 0.8 பாஸ்கல், அந்தத் தகட்டைக் காற்று இழுக்கும் மொத்த விசை 0.008 நியூட்டன். தராசு பாஷையில் சொன்னால் 0.8 கிராம், அவ்வளவுதான்.

வேலூரில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் பொன் நிறுப்பார்கள், ஃபேன் காற்று பட்டால் எடை மாறிவிடும் என்பதால். நாம் நிறுக்கப் போவதும் அதே மாதிரி சின்ன எடைதான், ஆனால் பெட்டி கிடையாது, காற்று முழு வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், அந்தக் காற்றின் இழுவையைத்தான் நிறுக்கவே போகிறோம். அதனால் இந்த வேலையில் நேரம் முழுக்க, அளக்க வேண்டிய பொருளை அளப்பதில் போகாது. அதைவிடப் பெரிதாக இருக்கிற மற்ற விசைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, எவ்வளவு என்று எழுதி, முடிந்தால் அடக்குவதில் போகும். நான் இந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் சிறிய டனலில் பல வருடம் இதைச் செய்திருக்கிறேன், மாணவர்களோடு சேர்ந்து நிறையத் தப்பும் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் காற்றை எழுதி வையுங்கள்

பாடப்புத்தகத்தில் காற்றின் அடர்த்தி (கன மீட்டருக்கு இத்தனை கிலோ) 1.225 என்று இருக்கும். அது கடல் மட்டத்தில் 15 டிகிரிக்கான எண், நம் ஊருக்கு என்றைக்கும் பொருந்தாது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, அதனாலேயே அழுத்தம் ஏறக்குறைய 988 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கிவிடுகிறது. மார்கழிக் காலையில் 18 டிகிரி இருந்தால் அடர்த்தி 1.18, அக்னி நட்சத்திரத்தில் மதியம் 40 டிகிரி போனால் 1.10. ஒரே டனல், ஒரே மோட்டார் வேகம், காற்று மட்டும் 7 சதவீதம் வேறு.

இதில் பலரும் விழுகிற குழி ஒன்று உண்டு. பேரோமீட்டர் இல்லை என்று செல்போனில் வானிலை பார்த்து அழுத்தத்தை எழுதிக்கொள்வார்கள். அங்கே காட்டுவது பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். அதை அப்படியே கணக்கில் போட்டால் அடர்த்தியில் இரண்டரை சதவீதம் ஆரம்பத்திலேயே போயிற்று. டனல் இருக்கிற அறையிலேயே ஒரு பேரோமீட்டர் வேண்டும், வெப்பமானி அறையில் இல்லாமல், டனலில் சோதனை நடக்கும் பகுதியான டெஸ்ட் செக்‌ஷனுக்குள் ஓடும் காற்றில் இருக்க வேண்டும், ஒவ்வொரு ரீடிங்குக்கும் புதிதாக எழுத வேண்டும். மோட்டார் அரை மணி நேரம் ஓடினாலே அறை சூடேறிவிடும், காலையில் எடுத்த வெப்பநிலையை வைத்து மதியம் வரை ஓட்டக் கூடாது.

அப்புறம் வேகம். உராய்வு, வேகத்தின் 1.8 மடிப்பெருக்கத்தோடு ஏறுகிறது, அதாவது வேகத்தில் 1 சதவீதம் ஆடினால் உராய்வில் ஏறக்குறைய 2 சதவீதம் ஆடும். நம் பக்கத்தில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டார் வேகம் மெல்ல நழுவுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே காற்றின் வேகத்தை அழுத்தமாகக் காட்டும் பிட்டாட் குழாயின் ரீடிங்கையும் உராய்வின் ரீடிங்கையும் ஒரே நொடியில், முடிந்தால் ஒரே கருவியில் பதிவு செய்யுங்கள். ஒருவர் அங்கே படித்து இன்னொருவர் இங்கே எழுதிக்கொண்டு நடுவில் ஒரு நிமிடம் போனால், அந்த ஒரு நிமிடம் உங்கள் பிழையில் சேர்ந்துவிடும்.

லேமினாரா டர்புலண்டா, தெரியாமல் தொடாதீர்கள்

மேலே சொன்ன அதே இடத்தில், அதே வேகத்தில், பவுண்டரி லேயர் லேமினாராக, அதாவது கலங்காமல் அடுக்கடுக்காக ஓடுவதாக இருந்தால் கெழு 0.0006 தான். ஆறில் ஒரு பங்கு. ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் தூரத்தையும் அடர்த்தியையும் பெருக்கி, காற்றின் பிசுபிசுப்பான பிசுக்குமையால் வகுத்தது) அங்கே 12 லட்சம் வரும், அந்த எண்ணில் டனலின் காற்று எவ்வளவு சுத்தம், முன்விளிம்பு எவ்வளவு வழவழப்பு என்பதைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயலாம். இதில் தப்பு செய்தால் மற்ற எல்லாப் பிழையும் சில்லறை.

செலவில்லாத சோதனை ஒன்று: டாக்டர் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, மார்பில் வைக்கிற வட்டைக் கழற்றிவிட்டு, தரையை ஒட்டி வைத்த சின்னக் குழாயின் பின்பக்கத்தோடு ரப்பர் குழாயால் இணையுங்கள். லேமினாரில் கிட்டத்தட்ட அமைதி. டர்புலண்டில் தொடர்ந்து இரைச்சல். நடுவில் மாறுகிற இடத்தில் விட்டுவிட்டு வெடிக்கிற சத்தம் கேட்கும், ஒருமுறை கேட்டால் மறக்காது. குழாயை முன்விளிம்பிலிருந்து பின்னால் நகர்த்திக்கொண்டே போனால் எங்கே மாறுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நிச்சயம் வேண்டுமென்றால் முன்விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு கம்பியையோ உப்புத்தாள் பட்டையையோ குறுக்காக ஒட்டிக் கட்டாயமாக டர்புலண்டாக மாற்றுங்கள். 20 மீட்டர் வேகத்துக்கு 0.8 மி.மீ. கம்பி போதும். அதைவிடத் தடிமனாகப் போட்டால் அதுவே ஒரு தடையாகி, பின்னால் ரொம்ப தூரத்துக்குக் காற்றின் உருவத்தைக் கெடுத்துவிடும். இன்னொன்று, கம்பி போட்ட பிறகு பவுண்டரி லேயர் முன்விளிம்பிலிருந்து இயல்பாக வளர்ந்ததாகக் கணக்குப் போடக் கூடாது. தூரத்தை வைத்துப் பாடப்புத்தகக் கோட்டோடு ஒப்பிடாமல், அந்த இடத்தில் மொமெண்டம் தடிமனை (உராய்வால் காற்று இழந்த உந்தத்தை ஒரு தடிமனாகச் சொல்லும் அளவு) அளந்து அதை வைத்து ஒப்பிடுங்கள்.

மிதக்கும் தகடு

விசையையே நேரடியாக நிறுக்கிற வழி இதுதான்: தரையில் ஒரு துண்டை வெட்டி, அதைச் சுற்றிச் சிறு சந்து விட்டு, கீழே தராசில் நிறுத்திவிட்டு, காற்று எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பது. ஜெர்மானிய ஆய்வாளர் கெம்ப் 1929-லேயே இந்த வகை அளவீட்டைச் செய்துவிட்டார். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கால்டெக்கில் பேராசிரியர் லீப்மேனிடம் ஆராய்ச்சி செய்த சதீஷ் தவன், ஒலியை விட வேகமான காற்றிலும் இதே முறையில் அளந்து காட்டினார். பின்னால் இஸ்ரோவின் தலைவரானவர் அவர்தான், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு 2002-ல் வைத்த பெயரும் அவருடையது. நம் நாட்டில் இந்த அளவீட்டைச் செய்கிற எவரும் அவருடைய அந்த ஆரம்ப வேலையைத் தேடிப் படிக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன், ஏனென்றால் சந்து, சமதளம், அதிர்வு என்று நாம் இன்றைக்குத் திண்டாடுகிற எல்லாவற்றையும் அவர் அப்போதே எதிர்கொண்டிருக்கிறார்.

எங்கள் தகட்டை ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில்தான் செய்தோம். வரைபடத்தைப் பார்த்த பட்டறை அண்ணன் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "இன்னா தம்பி, முடி அளவு சந்து கேக்குற, வெயில்ல இரும்பு ஊதிக்குமே, அதுக்கு இன்னா பண்ணுவ?" சரியான கேள்வி. 10 செ.மீ. அலுமினியம் 10 டிகிரி சூடானால் 0.023 மி.மீ. நீளும். சுற்றியிருக்கும் தரை பெர்ஸ்பெக்ஸ் (அக்ரிலிக் பிளாஸ்டிக்) என்றால் அது அலுமினியத்தைவிட மூன்று மடங்கு நீளும். காலையில் 0.1 மி.மீ. இருந்த சந்து மதியம் வேறு. தகடும் தரையும் ஒரே உலோகமாக இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும், அதைத்தான் கடைசியில் செய்தோம்.

தகடு தரையோடு சமமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், எவ்வளவு சமம் என்று யாரும் சொல்வதில்லை. நம் உதாரணத்தில், பரப்பை ஒட்டிய காற்று தனக்கென்று வைத்திருக்கும் அளவுகோலின் ஒரு அலகு 0.02 மி.மீ. பிசுக்குமை முழுதாக ஆளும் மெல்லிய அடுக்கு அதைப்போல 5 மடங்கு, அதாவது 0.1 மி.மீ. தான். தகடு 0.1 மி.மீ. துருத்திக்கொண்டிருந்தால் அந்த அடுக்கு முழுவதும் விளிம்பில் மோதுகிறது, தராசு உராய்வை மறந்துவிட்டு மோதலைக் காட்டும். துருத்தினால் வரும் பிழை, பள்ளமாக இருந்தால் வருவதைவிட மோசம். அதனால் சந்தேகம் இருந்தால் ஒரு இழை கீழே இருக்கட்டும், மேலே வேண்டாம். நகத்தால் தடவிப் பார்ப்பது முதல் சோதனை, அதோடு நிறுத்தாமல் லீவர் வகை டயல் கேஜை (நுண்ணிய உயர வித்தியாசத்தை முள்ளால் காட்டும் கருவி) நாலு பக்கமும் ஓட்டி, நாலு மூலைக்கும் எண்ணை எழுதுங்கள். காற்றை நிறுத்திவிட்டு மறுபடி ஒருமுறை.

அடுத்தது சாய்வு. என் அனுபவத்தில் அதிகம் பேரைக் கவிழ்த்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தகடும் அதைத் தாங்கும் பகுதியும் சேர்ந்து 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தமும் 0.01 டிகிரி காற்றின் திசையில் சாய்ந்தால், அந்த எடையில் 0.035 கிராம் உராய்வைப் போல வேஷம் போடும். நமக்கு வேண்டிய 0.8-ல் அது 4 சதவீதம். 0.05 டிகிரி என்றால் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். 0.01 டிகிரி என்பது ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.17 மி.மீ. சாய்வு, கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தில் அது தெரியவே தெரியாது. லேத் மெஷினை மட்டம் பிடிக்க மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் லெவல் ஒன்று பட்டறைகளில் இருக்கும், அதை ஒரு நாள் கடன் வாங்குங்கள்.

சாய்வு நிலையாக இருந்தால் பரவாயில்லை, காற்றில்லாதபோது எடுக்கும் பூஜ்ஜியத்தில் கழிந்துவிடும். காற்று ஓடத் தொடங்கியதும் புதிதாக வருகிற சாய்வுதான் ஆபத்து. நம் கல்லூரிகளில் இருப்பது பெரும்பாலும் காற்றை உறிஞ்சும் வகை டனல், டெஸ்ட் செக்‌ஷனுக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு, 20 மீட்டர் வேகத்தில் 220 பாஸ்கலுக்கு மேல் குறையும். அந்த உறிஞ்சலில் தரைப்பலகையே உள்பக்கம் மெல்ல வளைகிறது. கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். எங்கள் டனலில் ஒரு முழு வாரம் எடுத்த ரீடிங் எல்லாம் பாதிக்குப் பாதி அதிகமாக வந்துகொண்டே இருந்தது, நாங்கள் கேலிப்ரேஷனை, அதாவது தெரிந்த எடையை வைத்துத் தராசைச் சரிபார்ப்பதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தோம். கடைசியில் தரைக்கு அடியில் ஒரு டயல் கேஜை நிறுத்தி மோட்டாரைப் போட்டபோதுதான் முள் நகர்ந்தது. தராசைத் தரைப்பலகையில் தொங்கவிடாமல், தனிச் சட்டத்தில், டனலைத் தாங்கும் காலோடு சேராமல் நிறுத்திய பிறகுதான் எண் கீழே இறங்கியது.

அதே உறிஞ்சல் இன்னொரு வேலையும் செய்யும். தகட்டுக்கு அடியில் தராசு வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தால், 220 பாஸ்கல் வித்தியாசம் தகட்டை மேலே தூக்கும், அது 2.2 நியூட்டன், 225 கிராமுக்குச் சமம். பக்கவாட்டில் 0.8 கிராம் தேடுகிற தராசில் மேல்நோக்கி 225 கிராம்! தராசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், செங்குத்து விசையில் 1 சதவீதம் பக்கவாட்டுக்குக் கசிந்தால் நீங்கள் தேடும் எண்ணைப் போல இரண்டே முக்கால் மடங்கு பிழை. போதாததற்கு வெளிக்காற்று சந்து வழியாக மேலே பீறிட்டுப் பவுண்டரி லேயரையே கெடுக்கும். ஆகவே தராசைச் சுற்றிக் காற்று புகாத பெட்டி கட்டாயம். பெட்டி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும்: டனலை ஓட்டிவிட்டு, வயர் வெளியே வருகிற ஓட்டை, மூடியின் ஓரம், திருகுத் தலைகள் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டுங்கள், எங்கே புகை உள்ளே இழுபடுகிறதோ அங்கே ஓட்டை இருக்கிறது.

பெட்டியை மூடிவிட்டாலும் விளிம்பு அழுத்தம் என்று ஒன்று மிச்சம் இருக்கும். டெஸ்ட் செக்‌ஷனின் நாலு சுவரிலும் பவுண்டரி லேயர் வளர்வதால் நடுவில் காற்றுக்கு இடம் குறைந்து வேகம் கூடிக்கொண்டே போகிறது, அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. 30 செ.மீ. சதுரமான டனலில் ஒரு மீட்டருக்கு 17 பாஸ்கல் அளவுக்கு இறங்கலாம், தகட்டின் முன் சந்துக்கும் பின் சந்துக்கும் நடுவில் 1.7 பாஸ்கல். தகட்டின் விளிம்பு 5 மி.மீ. தடிமன் என்றால் அந்த வித்தியாசம் தகட்டைப் பின்னால் தள்ளி, உராய்வில் 10 சதவீதத்தைப் பொய்யாகக் கூட்டும். விளிம்பைக் கத்தி மாதிரி சீவி 1 மி.மீ. ஆக்கினால் அதே பிழை 2 சதவீதத்துக்கு வந்துவிடும். மேல் பக்கம் கூர்மையாக, கீழே உள்வாங்கி இருக்க வேண்டும். மிச்ச 2 சதவீதத்தைக் கணக்கில் கழிக்க, முன் சந்திலும் பின் சந்திலும் ஆளுக்கொரு அழுத்தத் துளை வைத்துவிடுங்கள்.

கேலிப்ரேஷனைப் பற்றி ஒன்று. நூல் கட்டி, கப்பி மேல் போட்டு, சின்ன எடைகளைத் தொங்கவிடுவதுதான் வழக்கம். 0.8 கிராம் அளவில் கப்பியின் உராய்வே பெரிய ஆள். எடையை ஏற்றிக்கொண்டே போய், பிறகு ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே கோட்டில் வரவில்லை என்றால் கப்பியோ சந்தோ எங்கோ பிடிக்கிறது. கப்பியே வேண்டாம் என்றால், மேலே சொன்ன சாய்வையே பயன்படுத்திக்கொள்ளலாம். தராசு மொத்தத்தையும் தெரிந்த கோணத்துக்குச் சாய்த்தால், எடை எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம், உராய்வுப் பிரச்சினை கிடையாது. எனக்கு இதுதான் பிடிக்கும். எடைகளை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.

கேபிளை மறந்துவிடாதீர்கள். ஸ்ட்ரெயின் கேஜிலிருந்து (தராசின் நுண்ணிய வளைவை மின் அளவாக மாற்றும் பட்டை) வரும் வயர் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலே அது ஒரு ஸ்பிரிங். அதோடு மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவிலிருந்து வரும் மின் இரைச்சல் அந்த வயரில் ஏறும், ஆகவே ஷீல்டு உள்ள வயர், மோட்டார் வயரிலிருந்து தள்ளி, ஒரே இடத்தில் எர்த். காட்பாடி பக்கம் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறீர்கள் என்றால் சரக்கு ரயில் போகும்போது வரும் அதிர்வு பதிவில் தெரியும், அந்த நேரத்து ரீடிங்கை வெட்டி எறிந்துவிடுங்கள், சராசரியில் சேர்க்க வேண்டாம்.

பிரெஸ்டன் குழாய்: ஒரு ஊசியின் வேலை

இவ்வளவும் படித்து மலைத்துப் போயிருந்தால், எளிமையான வழி இருக்கிறது. ஜே. எச். பிரெஸ்டன் 1954-ல் சொன்னது: பரப்பில் ஒட்டினாற்போல ஒரு வட்டக் குழாயைக் காற்றைப் பார்த்து வைத்து, அதில் வரும் அழுத்தத்துக்கும் பக்கத்தில் சுவரில் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால், அதிலிருந்தே உராய்வைக் கண்டுபிடிக்கலாம். 1965-ல் வி. சி. படேல் கொடுத்த சமன்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

குழாய்க்கு எங்கேயும் ஆர்டர் கொடுக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி. எதிரே ஐடா ஸ்கடர் ரோட்டில் எந்த சர்ஜிக்கல் கடையிலும் ஊசி கிடைக்கும். ரோஸ் நிற அடி உள்ள 18 நம்பர் ஊசி 1.27 மி.மீ., பச்சை நிற அடி உள்ள 21 நம்பர் ஊசி 0.82 மி.மீ. வெளிவிட்டம். இரண்டும் நமக்குத் தோதான அளவு. முனை சரிவாக வெட்டியிருக்கும், அதை எண்ணெய்க் கல்லில் நேராகத் தேய்த்துச் செங்குத்தாக்கி, உள்ளேயும் வெளியேயும் பிசிறு இல்லாமல் பூதக்கண்ணாடியில் பாருங்கள். விட்டத்தில் 5 சதவீதம் தப்பு இருந்தால்கூட உராய்வில் 2 சதவீதத்துக்குள்தான் வரும், ஆனால் முனையில் ஒரு பிசிறு இருந்தால் எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கணக்கு இப்படி. அழுத்த வித்தியாசத்தை விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 4 × அடர்த்தி × கினமாட்டிக் பிசுக்குமையின் (பிசுக்குமையை அடர்த்தியால் வகுத்தது) வர்க்கத்தால் வகுத்து, 10 அடிமான லாக் எடுங்கள், அது எக்ஸ். அழுத்த வித்தியாசத்துக்குப் பதில் உராய்வு அழுத்தத்தைப் போட்டால் வருவது ஒய். நம் வேகத்தில் பொருந்தும் நடுப்பகுதிக்கு, ஒய் 1.5-லிருந்து 3.5 வரை:

ஒய் = 0.8287 − 0.1381 எக்ஸ் + 0.1437 எக்ஸ்² − 0.0060 எக்ஸ்³

நம் உதாரணத்தில், 35 டிகிரியில், ரோஸ் ஊசிக்கு 85 பாஸ்கல், பச்சை ஊசிக்கு 72 பாஸ்கல் அளவுக்கு வரும். 72 பாஸ்கல் என்பது தண்ணீரில் 7.3 மி.மீ. உயரம். நேராக நிற்கும் மேனோமீட்டரில் அரை மி.மீ. கண் தப்பினாலே 7 சதவீதம் போய்விடும். 1-க்கு 10 சாய்த்து வைத்தால் 73 மி.மீ. நீளும், படிக்கலாம். ஆனால் அவ்வளவு படுக்கையாகச் சாய்க்கும்போது சாய்வுக் கோணத்தில் 0.1 டிகிரி தப்பினால் 1.7 சதவீதம் தப்பும், மேஜை ஆடக் கூடாது, மேனோமீட்டரின் சொந்த ரசமட்டத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மற்றபடி கவனிக்க வேண்டியவை: ஊசி சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், காற்றில் நுனி எழும்பக் கூடாது. சுவர் அழுத்தத் துளை ஊசியின் வாய்க்கு நேர் பக்கத்தில், ஊசியின் நிழல் படாத தூரத்தில், பிசிறில்லாமல். குழாய் மெல்லியது என்பதால் அழுத்தம் நிலைக்கு வர நேரம் எடுக்கும், ரீடிங் நகர்வது நிற்கும் வரை காத்திருந்துவிட்டு எழுதுங்கள். கோடையில் பாலாற்றுப் பக்கமிருந்து மண் தூசி பறக்கும், அது ஊசியை அடைத்துவிட்டால் ரீடிங் மெதுவாக, ரொம்ப நம்பும்படியான ஒரு எண்ணில் போய் நிற்கும். தினமும் காலையில் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

இரண்டு ஊசி வாங்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. படேலின் சமன்பாடு, சுவரை ஒட்டிய காற்று வழக்கமான லாக் விதிப்படி (வேகம், சுவரிலிருந்து உள்ள தூரத்தின் லாகோடு ஏறும் என்ற விதி) ஓடுகிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மாறிக்கொண்டிருக்கும் பவுண்டரி லேயரிலோ, கம்பிக்கு உடனே பின்னாலோ, அழுத்தம் வேகமாக ஏறுகிற இடத்திலோ அது உண்மையில்லை. இரண்டு விட்டங்களில் அளந்து, இரண்டும் ஒரே உராய்வைச் சொன்னால் அந்த இடத்தில் சமன்பாட்டை நம்பலாம். வேறு வேறு சொன்னால் சராசரி எடுக்க வேண்டாம், அங்கே பிரெஸ்டன் குழாய் செல்லாது என்று நோட்டில் எழுதிவிட்டு நகருங்கள்.

மற்ற வழிகள், சுருக்கமாக

வேகப் பரவலை அளந்து கிளாசர் வரைபடத்தில் (ஒவ்வொரு உராய்வுக் கெழுவுக்கும் ஒரு வேகக் கோடு வரைந்த தாள்) பொருத்துவது நல்ல சரிபார்ப்பு, ஆனால் அதுவும் அதே லாக் விதியில்தான் நிற்கிறது, எனவே பிரெஸ்டன் குழாயோடு ஒத்துப்போனது என்று அதைத் தனிச் சாட்சியாகக் காட்ட முடியாது. சுவர் எங்கே தொடங்குகிறது என்பதில் 0.1 மி.மீ. தப்பினால், மேலே சொன்ன 0.02 மி.மீ. அலகில் 5 அலகு தப்பு, ஊசி சுவரைத் தொடுவதை மல்டிமீட்டரில் பாருங்கள், அதுவும் காற்று ஓடும்போது.

மொமெண்டம் தடிமன் தூரத்தோடு எப்படி வளர்கிறது என்பதிலிருந்து உராய்வு எடுப்பதைச் சின்ன டனலில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் உதாரணத்தில் தடிமன் 2.2 மி.மீ., 20 செ.மீ. தூரத்தில் அது 0.36 மி.மீ. தான் வளரும். இரண்டு இடத்திலும் 2 சதவீதத் துல்லியத்தோடு அளந்தாலும் கழித்துப் பார்க்கும்போது 17 சதவீதப் பிழை நிற்கும்.

எண்ணெய்ப் படல முறை அழகானது. டேனரும் பிளோஸும் 1976-ல் வெளியிட்டது, சிலிக்கோன் எண்ணெய் மெலிவதை ஒளிப் பட்டைகளால் பார்ப்பது, லாக் விதி எதுவும் தேவையில்லை. இயற்பியல் லேபில் நியூட்டன் வளையத்துக்கு வைத்திருக்கும் சோடியம் விளக்கே போதும். ஆனால் எண்ணெயின் பிசுக்குமை டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் மாறும், அது நேராக உராய்வில் இறங்கும். ஆகவே பரப்பின் வெப்பநிலையை அளக்க வேண்டும், அறையின் வெப்பநிலையை அல்ல. மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் இரண்டுக்கும் 3 டிகிரி வித்தியாசம் இருந்தால் 6 சதவீதம் போச்சு. கோடையில் இதைக் காலை ஏழு மணிக்கே செய்து முடித்துவிடுவோம்.

புத்தக எண் வந்ததும் நிறுத்தாதீர்கள்

எங்கள் டனலில் ஒரு பேட்ச் மாணவர்கள் மிதக்கும் தகட்டில் 0.0036 என்று கச்சிதமாக எடுத்தார்கள். புத்தகக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தது, எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அடுத்த வருடம் வேறு வேலைக்காகப் பெட்டியைத் திறந்தபோது, ஸ்ட்ரெயின் கேஜ் வயர் பெட்டியின் ஓரத்தில் அழுந்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதை விடுவித்து மறுபடி ஓட்டினால் ரீடிங் 10 சதவீதம் ஏறியது. முன்னே சொன்னேனே, தடித்த விளிம்பில் அழுத்தம் தள்ளுகிற 10 சதவீதம், அதுதான் இவ்வளவு நாளும் வயரின் பிடிப்போடு கழிந்து, நல்ல எண்ணாக வந்திருக்கிறது. அந்த மாணவர்கள் பிழையே செய்யவில்லை, எண் சரியாக வந்ததும் தேடுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். அந்தப் பிள்ளைகளிடம் பிறகு பேசி விஷயத்தைச் சொன்னேன், அவர்களுக்கும் அது தெரிய வேண்டும் என்று பட்டது.

அதனால் இப்போது பிழைப் பட்டியலை அளப்பதற்கு முன்னாலேயே எழுதச் சொல்கிறேன். சாய்வு, விளிம்பு அழுத்தம், துருத்தல், கேலிப்ரேஷன், வேகம், அடர்த்தி, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம், எந்தப் பக்கம். கூட்டுமா குறைக்குமா என்று திசை தெரிந்ததைத் திருத்திக் கழித்துவிடுங்கள். திசை தெரியாததை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். பத்து முறை அளந்து சராசரி எடுத்தால் ஆட்டம் குறையும், ஆனால் சாய்வு பத்து முறையும் அதே பக்கம்தான் தள்ளும், அது சராசரியில் போகாது. எல்லாம் கவனமாகச் செய்த சின்ன டனலில், மொத்தம் 5 சதவீதத்துக்குள் வந்தால் நான் அதை நல்ல வேலை என்பேன். 1 சதவீதம் என்று ரிப்போர்ட்டில் பார்த்தால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வேன்.

வேகங்களைக் குறைவிலிருந்து அதிகத்துக்கு வரிசையாக எடுக்காமல் கலைத்து எடுங்கள், இல்லையென்றால் அறை சூடாவதும் வேகம் கூடுவதும் ஒன்றாகச் சேர்ந்து பிரிக்க முடியாமல் போய்விடும். ஒவ்வொரு வேகத்துக்கும் முன்னால் ஒரு பூஜ்ஜியம், பின்னால் ஒரு பூஜ்ஜியம். மோட்டாரை நிறுத்தியதும் ஃபேன் இறக்கை முழுதாக நின்று, டனலில் காற்று அடங்க ஒரு ஐந்து நிமிடம் விட்டு, பிறகு படியுங்கள். முன் பூஜ்ஜியத்துக்கும் பின் பூஜ்ஜியத்துக்கும் 0.02 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், நடுவில் எடுத்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிட்டு, அன்றைக்கே, டனலைப் பூட்டுவதற்கு முன்னால், மறுபடி ஓட்டுங்கள்.